மினுங்கும் சின்ன விளக்கு



“ஹஸரத், மகள் உள்ளங்கையளவு பலகை ஒன்றைக் கம்பியூட்டரில் மாட்டி, ஒரு சின்ன லைட்டை மினுங்க வைத்துக்கொண்டே இருக்கிறாள். பொம்புளப் புள்ளைக்கு இதால என்ன பிரயோசனம்?” என்று எம்பிலிப்பிட்டியவில் ஒரு தாய் கேட்டார். பல வீடுகளில் எழும் கேள்வி இது. எல்லோருக்குமாகப் பதில் சொல்கிறேன்.

அந்தப் பலகைக்கு ஆர்டுயினோ என்று பெயர். 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில், இலத்திரனியல் படித்திராத மாணவர்களும் கையாளும்படி உருவாக்கப்பட்டது. அதிலுள்ள கறுப்புச் சில்லு திரையில்லாத ஒரு குட்டிக் கணினி. அதற்குப் பிள்ளை எழுதும் முதற்பாடம் நான்கே கட்டளைகள்: விளக்கை ஏற்று, ஒரு செக்கன் பொறு, விளக்கை அணை, ஒரு செக்கன் பொறு. நான்கும் முடிந்ததும் சில்லு மறுபடி முதலாவதிலிருந்து தொடங்கும். மின்சாரம் நின்று திரும்ப வந்தாலும் பாடத்தை மறக்காது.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? கடைசியிலுள்ள ‘பொறு’ என்பதைப் பிள்ளை எழுத மறந்தால் விளக்கு மினுங்காது. எரிந்துகொண்டே இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது அணைகிறது. ஆனால் கண் காணுமுன்னே மீண்டும் ஏறிவிடுகிறது. சில்லில் பழுதில்லை, சொன்னதைத்தான் செய்தது. “உப்புப் போடு” என்றால் எவ்வளவு என்று நம் பிள்ளைகள் ஊகித்துக்கொள்வார்கள். சில்லுக்கு ஊகம் கிடையாது. எனவே பிழை தன் சொல்லில்தான் என்று உணர்ந்து, வரி வரியாகப் பார்த்துத் திருத்தப் பிள்ளை பழகுகிறது. பிறரைக் குறை கூறாமல் தன் வேலையைத் தானே சரிபார்க்கும் குணம் சிறிய செல்வமா?

பொறுப்பதன் பயனை நம் ஊர்ப் பக்கத்திலேயே காணலாம். உடவளவை தேசியப் பூங்காவின் ஓரத்தில் யானைகளுக்கான மின்வேலி இருக்கிறது. இத்தகைய வேலிகளில் மின்சாரம் இடைவிடாமல் ஓடுவதில்லை. ஏறக்குறைய செக்கனுக்கு ஒரு தடவை, கணப்பொழுது மட்டும் அடித்து ஓயும். அந்த இடைவெளியில்தான் தொட்ட உயிர் விலகித் தப்புகிறது. அப்துல் கைஸ் கூட்டத்தாரின் தலைவரிடமிருந்த நிதானத்தை நபி (ஸல்) அவர்கள் பாராட்டியது உங்களுக்குத் தெரியும்.

இது நமக்கு அந்நியமான கலையுமல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவர், தானாகவே இசைக்கும் குழற்கருவி ஒன்றை விவரித்து எழுதினார்கள். சுழலும் உருளையில் பதித்த முளைகளே அதற்குக் கட்டளை. முளைகளை இடம் மாற்றினால் இசை மாறும். இன்று உங்கள் மகள் எழுத்தால் செய்வதை அவர்கள் முளையால் செய்தார்கள்.

ஆகவே தாய்மார்களே, “விளையாடினது போதும், எடுத்து வை” என்று சொல்லுமுன் சற்றுப் பக்கத்தில் அமருங்கள். “ஏன் மினுங்குகிறது?” என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்கப்படுத்தும்போது அவளுக்கே நன்றாக விளங்கும். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: அந்தப் பலகை 5 வோல்ட்டில் இயங்குவது. வீட்டுச் சுவரிலுள்ள 230 வோல்ட் மின்சாரத்தில் பரீட்சித்துப் பார்க்க எந்தப் பிள்ளையையும் விடாதீர்கள்.

பாடசாலையில் பாடங்களைத் தெரிவு செய்யும் காலம் வரும்போது, மகனுக்குத் தொழில்நுட்பம், மகளுக்கு எதுவானாலும் சரி என்று பிரிக்காதீர்கள். கல்வி தேடும் கடமை இருவருக்கும் ஒன்றே. பதினான்கு வயதில் நாம் மூடும் கதவை இருபது வயதில் அவள் திறப்பது கடினம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக. ஆமீன்.