முதல் நூல்

‘நூல்’ என்ற ஒரே சொல்லால் நம் முன்னோர்கள் புத்தகத்தையும் குறித்தார்கள், இழையையும் குறித்தார்கள். சொற்பஞ்சத்தினால் அப்படிச் செய்யவில்லை. புலவனை நூல் நூற்கும் பெண்ணுக்கும், சொல்லைப் பஞ்சுக்கும், அறிவைக் கதிருக்கும் ஒப்பிட்டுக் காரணம் காட்டும் செய்யுள் நன்னூலிலேயே இருக்கிறது. அதோடு நில்லாமல், முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என்று மூன்று வகையும் பிரித்துவைத்தார்கள். பின்னால் வரும் இரண்டும் எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும் முதல் நூலுக்குள்ள மரியாதை தனி.

கம்பளி நூல் பின்னுகிற பெண்மணிகளிடம் பேசிப் பார்த்தால், இந்த இலக்கணம் அவர்கள் கையிலுள்ள நூலுக்கும் செல்லும் என்று தெரிய வருகிறது. “எந்த நூல் உயர்ந்தது?” என்று கேளுங்கள். மெரினோ என்பார்கள், பஷ்மினா என்பார்கள். விலையைச் சொல்லிப் பெருமூச்சும் விடுவார்கள். “எந்த நூலிடம் உங்களுக்குப் பிரியம்?” என்று கேட்டால் பேச்சு வேறு திசையில் திரும்பிவிடும். ஒரு தெரு, ஒரு கடை, ஒரு நிறம், அந்த வருஷத்துக் குளிர், சொல்லிக்கொடுத்தவளின் வளையல் சப்தம் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வரும். கடைசியில் பார்த்தால், அந்த நூல் மிகச் சாதாரண நூலாயிருக்கும். பல சமயங்களில் முரட்டு நூலாகவும் இருக்கும்.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு கம்பளியைப் பற்றி எழுதுவது கொஞ்சம் விபரீதமான காரியந்தான். இங்கே மார்கழி மாதத்திலும் மின்சார விசிறிக்கு ஓய்வு கிடையாது. நீலகிரியையும் கொடைக்கானலையும் விட்டுவிட்டால், தமிழ்ப் பெண்கள் பின்னல் ஊசியைக் கையிலெடுக்கக் காரணமாயிருந்த ஊர் டில்லி என்று சொல்லலாம். 1911-இல் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறும் என்று அறிவிப்பு வந்தது. 1931-இல் புது டில்லி திறந்துவைக்கப்பட்டது. குளிர்காலத்தில் டில்லி, கோடையில் சிம்லா என்று சர்க்கார் காரியாலயங்கள் இடம் மாறிக்கொண்டிருந்த அந்நாட்களிலேயே நம்மவர்களில் பலர் குமாஸ்தா உத்தியோகத்துக்காக வடக்கே போய்ச் சேர்ந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இன்னும் அநேகர் போனார்கள். கரோல் பாகில் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்தன. தை மாத இரவுகளில் அங்கே குளிர் நாலைந்து டிகிரிக்கு இறங்கிவிடும். ஊரிலிருந்து கொண்டுபோன ஜமக்காளமும் போர்வையும் அந்தக் குளிருக்கு எம்மாத்திரம்?

நான் அறிந்த ஓர் அம்மாள் 1961-ஆம் வருஷம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி அப்படித்தான் கரோல் பாகுக்குப் போனார். ஹிந்தி தெரியாது. மாடிப் போர்ஷனில் ஒரு பஞ்சாபி அம்மாள் இருந்தாள். 1947 பிரிவினையில் ராவல்பிண்டியில் வீடு வாசலை விட்டுவிட்டு வந்தவள். இருவருக்கும் பொது பாஷை கிடையாது. பகல் வேளையில் மொட்டை மாடி வெயிலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு இவள் விரலை அவள் பிடித்து வளைப்பாள். நேராகப் போடும் கண்ணிக்கு ‘ஸீதா’, திருப்பிப் போடும் கண்ணிக்கு ‘உல்டா’. இந்த இரண்டு வார்த்தைகள்தான் அந்த அம்மாள் கற்ற முதல் ஹிந்தி.

பழகுவதற்கென்று பஞ்சாபி அம்மாள் கடைக்கு அழைத்துப் போய் வாங்கித் தந்தது செங்கல் நிறத்தில் ஆறு அவுன்ஸ் தாரிவால் நூல். அக்காலத்தில் வடக்கே உல்லன் நூல் என்றால் இரண்டு ஆலைகளின் பெயர் முன்னே நிற்கும். ஒன்று, 1876-இல் கான்பூரில் தொடங்கிய லால் இம்லி. அந்தப் பெயருக்குச் ‘சிவப்புப் புளி’ என்று அர்த்தம். நம் வீட்டுச் சமையலறைக்கும் அதற்கும் வேறு சம்பந்தம் இல்லை. மற்றொன்று, 1880-இல் பஞ்சாபில் குர்தாஸ்பூர் ஜில்லாவில் எழுந்த தாரிவால். கடையில் அதைவிட மெல்லிய நூல்கள் இருந்தனவாம். அந்தப் பஞ்சாபி அம்மாள் அவற்றைத் தொடக்கூட இல்லை. ராவல்பிண்டியில் சிறுமியாயிருந்தபோது அவள் தாயார் அவளுக்குக் கொடுத்ததும் தாரிவால் நூல்தானாம். ஊர் போயிற்று, வீடு போயிற்று. நூல் மட்டும் எல்லைக்கு இந்தப் பக்கம் கிடைத்தது. தஞ்சாவூர்ப் பெண்ணின் முதல் நூல் உண்மையில் வழி நூல்!

இது வெறும் ஞாபகார்த்தப் பிரியம் என்று ஒதுக்கிவிட முடியாது. பின்னலில் ஊசியைவிட விரலே பிரதானம். நூல் சுட்டு விரலின் மீது ஏறி, மற்ற விரல்களுக்கிடையே நுழைந்து வருகிறது. எவ்வளவு பிடிப்பது, எவ்வளவு விடுவது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லிக்கொடுக்க முடியாது. நூல்தான் கற்பிக்க வேண்டும். ஆட்டு ரோமத்துக்கு இயற்கையிலேயே சுருளும் துள்ளலும் உண்டு. இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்கு வரும். ஆகையால் பழகாத கை ஒரு கண்ணியை இறுக்கியும் அடுத்ததைத் தளர்த்தியும் போட்டால்கூட, நனைத்துக் காயவைத்ததும் அவை ஒருவாறு சமாதானமாகிவிடுகின்றன. பருத்தி நூலுக்கு இந்தப் பெருந்தன்மை கிடையாது. போட்ட கோணல் போட்டபடியே நிற்கும். ஆனாலும், இதுவரை கிடைத்திருக்கும் பின்னல் துணிகளில் மிகப் பழையனவாகக் கருதப்படும் எகிப்து தேசத்துக் காலுறைகள், 11-ஆம் நூற்றாண்டுக்கும் 14-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை, வெள்ளையும் நீலமுமான பருத்தி நூலால் ஆனவை. அந்நாளையப் பின்னற்காரர்களின் பொறுமையை நினைத்தால் பிரமிப்பாயிருக்கிறது.

ஊசி விஷயத்தில் ஒரு வேடிக்கை. நம் தேசத்தில் வழங்கும் கணக்கில் எட்டாம் நம்பர் ஊசி 4 மில்லிமீட்டர் கனம். பத்தாம் நம்பர் மூன்றேகால். நம்பர் ஏற ஏற ஊசி மெலிகிறது. அறுபதாம் நம்பர் நூல் நாற்பதாம் நம்பரைவிட மெல்லியது என்று அறிந்த நம் ஜவுளிக்கடைக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. ஒரே நம்பர் ஊசி, ஒரே நூல், ஒரே கண்ணிக் கணக்கு வைத்து இரண்டு பேர் பின்னினால் இரண்டு அளவில் சட்டை வரும். கையின் இழுப்பு வேறு. அந்த இழுப்பைப் பெரும்பாலும் நிர்ணயித்தது எது என்று விசாரித்தால் மறுபடியும் முதல் நூலண்டைதான் போய் நிற்கிறோம்.

அந்த ஆறு அவுன்ஸும் முதலில் கணவருக்கு மப்ளராயிற்று. தொடக்கத்தில் ஒரு சாண் அகலம். முடியும் இடத்தில் ஒன்றரைச் சாண். அவர் அதையே கழுத்தில் சுற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். நல்ல மனிதர். 1962-இல் சீனப் போர் வந்தபோது எல்லையில் குளிரில் நிற்கும் ஜவான்களுக்காக ஊரெங்கும் பெண்கள் ஸ்வெட்டர் பின்னினார்களே, அதில் இந்த அம்மாளும் சேர்ந்துகொண்டு இரண்டு பின்னிக் கொடுத்தார். அவை புது நூலில் செய்தவை. மப்ளரை அடுத்த கோடையில் உதிர்த்தார். அது குழந்தையின் அரைக்கைச் சட்டையாயிற்று. பிறகு குல்லாய். பிறகு ஒரு ஜோடிக் காலுறை.

உதிர்ப்பது என்றால் பிய்த்தெறிவது என்று நினைக்க வேண்டாம். பின்னுவதைவிட அதற்கு நிதானம் அதிகம் வேண்டும். முடித்த இடத்து முடிச்சைக் கண்டுபிடித்து அவிழ்க்க வேண்டும். எதிரே ஒரு குழந்தையைக் கைகளை நீட்டிக்கொண்டு உட்காரச் சொல்லி, வருகிற நூலை அந்தக் கைகளில் சிட்டமாகச் சுற்ற வேண்டும். நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி எடுக்க வேண்டும். கசக்கக் கூடாது. ரோமத்தின் மேல் ஓடு வேய்ந்ததுபோல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சூடும் சோப்பும் தேய்ப்பும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு நூல் திரணையாகிவிடும். பிறகு நிழலில் தொங்கவிட்டு, அடியில் ஒரு தம்ளரைக் கட்டினால் சுருக்கம் நீங்கி நேராகும். ஈரமாயிருக்கும்போது அதிலிருந்து ஆட்டு மந்தையின் வாசனை எழும். பிடிக்காதவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். இந்த அம்மாளுக்கு அது மல்லிகை.

ஆயினும் ஒவ்வொரு தடவை உதிர்க்கும்போதும் நூல் சிறிது தேய்கிறது, அறுந்த இடங்களில் முடிச்சு விழுகிறது, நீளம் குறைகிறது. புதிதாக வாங்கிச் சேர்க்கவும் வழியில்லை. 1981-இல் சர்க்கார் வசமான அவ்விரு ஆலைகளிலும் வேலை நின்று வருஷங்களாகின்றன. இன்று கடைகளில் மலிந்திருப்பது ‘அக்ரிலிக்’ நூல். அமெரிக்காவில் 1950 முதல் பெருமளவில் உற்பத்தியான ரசாயன இழை அது. பிற்பாடு லூதியானாவையும் ஆட்கொண்டது. விலை குறைவு, நிறம் பளபளப்பு, அந்துப்பூச்சி அரிக்காது. அடுப்பங்கரைக்கு மட்டும் ஆகாது; தீப்பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். ரோமம் அவ்வளவு சுலபமாகப் பற்றாது. பழைய தலைமுறையினர் அக்ரிலிக்கைக் கண்டு முகம் சுளிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. இன்று முப்பது நாற்பது வயதிலிருக்கும் எத்தனையோ பெண்களின் முதல் நூல் அதுதான். மெரினோவை வைத்துக்கொண்டு பின்னும்போதும் அந்த வழுக்கல் நூலுக்காக அவர்கள் விரல் ஏங்குவதை நான் கேட்டிருக்கிறேன்.

பிரியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சில வருஷங்களுக்கு முன் அந்த அம்மாள், மிச்சமிருந்த செங்கல் நிற நூலில் பேத்திக்குக் கழுத்துப் பட்டி ஒன்று பின்னினார். மருமகள், “அம்மா, குழந்தைக்குக் கழுத்தெல்லாம் சிவந்துபோகிறது. இது வேண்டாமே!” என்றாள். மாமியாருக்கு முகம் வாடிவிட்டது. நியாயம் மருமகள் பக்கம்தான். முப்பது மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு கனத்துக்கு மேற்பட்ட ரோமத்தின் நுனி தோலில் வளையாமல் குத்துகிறது. மெரினோ அதைவிட மிக மெல்லியது. பின்னுகிற விரலுக்கு இனிக்கும் நூல் அணிகிற கழுத்துக்கும் இனிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பின்னல்காரர்கள் இதைச் சுலபமாக மறந்துவிடுகிறார்கள். சமையல்காரர்களும் எழுத்தாளர்களும் மட்டும் என்ன வாழ்ந்தது!

பட்டி உதிர்க்கப்பட்டது. பேத்திக்கு மெரினோ நூலில் வேறு சட்டை பின்னி ஆயிற்று. செங்கல் நிற நூல் ஓர் ஆரஞ்சுப் பழத்தளவு உருண்டையாகத் தகர டப்பாவில், வேப்பிலைச் சருகுக்கு நடுவே கிடந்தது. சென்ற பள்ளிக்கூட லீவில் அந்தப் பெண், “பாட்டி, எனக்கும் பின்னச் சொல்லிக்கொடு” என்று வந்து நின்றாள். வீட்டில் பளபளவென்று புது நூல் எவ்வளவோ இருந்தது. பாட்டி டப்பாவைத் திறந்தாள்.

இருபது கண்ணிகள் போட்டுத் தொடங்கினார்கள். ஐந்தாவது வரிசையில் எண்ணிப் பார்த்தால் இருபத்து மூன்று. நூலை ஊசிக்கு முன்பக்கம் விட்டுவிட்டு நேர்க் கண்ணி போட்டால் இப்படித்தான் ஒன்றிரண்டு தானாக முளைக்கும். “உதிர்த்துவிடட்டுமா, பாட்டி?” என்று குழந்தை கேட்டது. பாட்டி நூலைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்தாள். ஏற்கெனவே மெலிந்திருந்த நூல். “வேண்டாம், இருபத்து மூன்றாகவே போகட்டும்” என்றாள்.