ஒரே டைமண்டுக்கு ஊருக்கு ஊர் ஒரு விலை ஏன்? ஜொகூர் குடும்பங்கள் அறிய வேண்டிய கணக்கு

ஜொகூர் பாரு, கடற்பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை என்பது ஜொகூர் மக்களுக்குப் புதிதல்ல. சமையல் எண்ணெய், பெட்ரோல், முடி வெட்டும் கூலி என எதை எடுத்தாலும் இங்கே இரண்டு கணக்கு உண்டு. இப்போது அந்தப் பட்டியலில் கையால் தொட முடியாத ஒரு சரக்கும் சேர்ந்துவிட்டது. மொபைல் லெஜண்ட்ஸ் விளையாட்டின் டைமண்ட், ரோப்லோக்ஸின் ரோபக்ஸ், பப்ஜி மொபைலின் யூசி போன்ற இணைய விளையாட்டுக் காசுகள்தான் அவை.

இவற்றை வாங்குவதற்கு மாசாய், உலு திராம், ஸ்கூடாய் என்ற வேறுபாடில்லை. குளுவாங், சிகாமட் பக்கத் தோட்டங்களிலும் கைப்பேசியும் இணையமும் இருக்கும் வீட்டில் பிள்ளைகள் 'டாப்-அப்' கேட்கிறார்கள். மொபைல் லெஜண்ட்ஸின் முதல் உலகக் கிண்ணப் போட்டி 2019இல் கோலாலம்பூரில்தான் நடந்தது. 2024இல் அதே உலகப் போட்டி மீண்டும் தலைநகருக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ரியாத்தில் நடந்த எம்.எஸ்.சி. கிண்ணத்தை சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் குழு வென்றது. ஆக, இது நாலு பையன்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடக்கூடிய சங்கதி இல்லை.

ஒரே விளையாட்டு, ஒரே டைமண்ட். ஆனால் எந்த நாட்டுக் கணக்கிலிருந்து வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது. "மலிவான நாட்டு டைமண்ட் இருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன்" என்று புலனக் குழுக்களிலும் டெலிகிராமிலும் வரும் விளம்பரங்கள் இந்த வேறுபாட்டை நம்பித்தான் நடக்கின்றன. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, அதில் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பதைப் பார்ப்போம்.

வரி காரணமா?

பலரும் முதலில் சொல்லும் காரணம் வரி. கணக்குப் பார்த்தால் அது நிற்காது. வெளிநாட்டு நிறுவனங்கள் விற்கும் மின்னியல் சேவைகளுக்கு மலேசியா 2020 ஜனவரி 1 முதல் 6 விழுக்காடு சேவை வரி விதித்தது. 2024 மார்ச் 1 முதல் அது 8 விழுக்காடானது. சிங்கப்பூரும் அதே 2020 ஜனவரி 1இல்தான் இத்தகைய சேவைகளுக்குப் பொருள், சேவை வரியை நீட்டித்தது. அப்போது 7 விழுக்காடாக இருந்த வரி இப்போது 9 விழுக்காடு. இரு நாட்டு வரிக்கும் இடையே ஒரு விழுக்காடுதான் வித்தியாசம். விலையில் காணும் பெரிய இடைவெளியை அந்த ஒரு விழுக்காட்டால் விளக்க முடியாது.

உண்மையான காரணம் வாங்குபவரின் சம்பளம். டைமண்ட் தோண்டி எடுக்கும் சரக்கில்லை. கூடுதலாக ஒன்றை உருவாக்க நிறுவனத்துக்கு ஏறக்குறைய எந்தச் செலவும் ஆவதில்லை. அதனால் ஒவ்வொரு நாட்டிலும் மக்கள் எவ்வளவு கொடுக்க முடியும் என்று பார்த்து விலை வைக்கிறார்கள். விலை குறைந்தாலும் வாங்குவோர் கூடினால் அவர்களுக்கு லாபமே.

நம் பக்கத்துக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மாதத்தில் 26 நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 65 ரிங்கிட். சிங்கப்பூரில் 10 வெள்ளிக்கு விற்கும் ஒரு பொதியை, ஒரு வெள்ளிக்கு 3 ரிங்கிட் 20 காசு என்ற மாற்று விகிதத்தில் அப்படியே இங்கே விற்றால் 32 ரிங்கிட் ஆகும். தோட்டத்தில் குறைந்தபட்ச சம்பளம் வாங்கும் ஒருவருக்கு அது அரை நாள் கூலி. அந்த விலைக்கு இங்கே எத்தனை பேர் வாங்குவார்கள்? அதனால்தான் வட்டார விலை என்ற ஏற்பாடு வந்தது.

நாணய மாற்று செய்யும் வேலை

இரண்டாவது காரணம் நாணய மதிப்பு. 1973 மே வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று சமமாகக் கைமாறின. அந்த உடன்பாடு முடிந்த பிறகு இரண்டும் தனித்தனி வழியில் போயின. 2024இன் தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி 3 ரிங்கிட் 50 காசைத் தாண்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஏறக்குறைய 3 ரிங்கிட் 20 காசுக்கு இறங்கியது.

நாணயம் நாள்தோறும் ஆடும். விளையாட்டுக் கடையின் விலைப்பட்டியல் அப்படி ஆடாது. ஒரு பொதி இங்கே 45 ரிங்கிட் என்று நிலையாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாற்று விகிதம் 3.50 ஆக இருந்தபோது சிங்கப்பூரில் சம்பாதிப்பவருக்கு அது 12 வெள்ளி 86 காசு. விகிதம் 3.20 ஆனபோது அதே பொதி 14 வெள்ளி 6 காசு. நிறுவனம் விலையைத் தொடவே இல்லை. ஆனால் எல்லை தாண்டி வாங்குபவருக்கு விலை ஏறிவிட்டது. சில மாதங்களில் மலிவு டைமண்ட் விளம்பரங்கள் பெருகுவதும் சில மாதங்களில் அடங்குவதும் பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கத்தால்தான்.

மூன்றாவது காரணம் இடைத்தரகு. கைப்பேசிக்குள்ளேயே வாங்கினால் ஆப்பிள், கூகள் கடைகள் 30 விழுக்காடு வரை தரகு எடுக்கின்றன. அதனால் தங்கள் இணையத்தளத்திலோ அங்கீகரிக்கப்பட்ட முகவரிடமோ வாங்குவோருக்கு நிறுவனங்கள் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கின்றன. கணினி வழியாகவோ பரிசு அட்டை வழியாகவோ வாங்கினால் 25 விழுக்காடு வரை கூடுதல் ரோபக்ஸ் என்று ரோப்லோக்ஸ் 2024இல் அறிவித்தது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இது நேர்மையான மலிவு. எந்த எல்லையையும் தாண்டாமல் கிடைப்பது.

மலேசியாவுக்கு இந்த முகவர் வணிகம் பழைய தொழில். செவன் இலெவன் கடையில் மோல் பாயிண்ட்ஸ் சீட்டு வாங்கி, அதில் இருக்கும் எண்ணைத் தட்டி விளையாடிய தலைமுறை இப்போது பிள்ளை பெற்றுவிட்டது. வின்சென்ட் டானின் மோல் குளோபல் நிறுவனம் 2014இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை வரை போனது. 2018இல் ரேசர் நிறுவனம் அதை வாங்கியது. மோல் பாயிண்ட்ஸ்தான் இன்றைய ரேசர் கோல்ட். சீட்டு போய் மின்பணப்பை வந்தது. ஆனால் இந்த நாட்டில் வாங்கியது இந்த நாட்டுக் கணக்குக்கு என்ற எல்லைக் கோடு போகவில்லை.

பெட்ரோல் பம்பு சொல்லும் பாடம்

இதைப் புரிந்துகொள்ள ஜொகூர் மக்களுக்குப் பெட்ரோலைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். சிங்கப்பூர் வாகனங்களுக்கு ரோன் 95 விற்கக்கூடாது என்று 2010இலேயே தடை வந்தது. 2025 செப்டம்பர் 30 முதல் புடி 95 திட்டத்தில் மலேசியக் குடிமக்கள் மைகார்டைக் காட்டி லிட்டர் 1 ரிங்கிட் 99 காசுக்கு ஊற்றிக்கொள்கிறார்கள். மற்றவர்களுக்கு உதவித்தொகை இல்லாத விலை. யாருக்காக மலிவு வைக்கப்பட்டதோ அவருக்கு மட்டுமே அது போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம்.

விளையாட்டுக் கடையும் அதையே செய்கிறது. மைகார்டுக்குப் பதிலாக வங்கி அட்டை எந்த நாட்டுடையது, கணக்கு எந்த நாட்டில் பதிவானது என்று பார்க்கிறது. ஸ்டீம் தளத்தில் 2021 முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் நாட்டை மாற்றலாம். கூகள் பிளேயில் ஆண்டுக்கு ஒரு முறை. ஆப்பிள் கணக்கில் மிச்சப் பணத்தைச் செலவழித்து முடித்த பிறகே மாற்ற முடியும்.

ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. பெட்ரோல் மலிவாக இருப்பது மக்கள் வரிப்பணத்தால். அதை எல்லை தாண்டிக் கொண்டுபோனால் நாட்டுக்கு நட்டம். டைமண்ட் மலிவாக இருப்பது ஒரு தனியார் நிறுவனத்தின் வணிக முடிவு. அந்த முடிவை அந்த நிறுவனம் எந்த நாளும் மாற்றிக்கொள்ளலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அர்ஜென்டினாவில் நடந்தது

மாற்றினால் என்ன ஆகும் என்பதை அர்ஜென்டினாவும் துருக்கியும் பார்த்துவிட்டன. இரு நாடுகளிலும் நாணயம் வேகமாகச் சரிந்ததால் அங்கே ஸ்டீம் விலைகள் உலகிலேயே மிகக் குறைவானவற்றுள் சேர்ந்தன. வேற்று நாட்டினர் வி.பி.என். போட்டுக்கொண்டு அர்ஜென்டினாக்காரர்போல் நுழைந்து வாங்கினார்கள். நாணயம் நிலையில்லாததைக் காரணம் காட்டி, 2023 நவம்பர் 20 முதல் ஸ்டீம் இரு நாடுகளிலும் உள்ளூர் நாணய விலையை எடுத்துவிட்டு அமெரிக்க டாலருக்கு மாற்றியது. பல விளையாட்டுகளின் விலை ஒரே நாளில் பல மடங்கு ஏறியது. வி.பி.என். போட்டவர்கள் தங்கள் நாட்டு விலைக்குத் திரும்பிப் போனார்கள். பெசோவில் சம்பளம் வாங்கும் இளைஞர்களுக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை.

யூடியூப் இன்னொரு வழியில் போனது. மலிவான நாட்டில் இருப்பதாகக் காட்டிச் சந்தா வாங்கியவர்களின் கட்டணச் சேவையை 2024 ஜூனில் ரத்து செய்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நிறுவனங்கள் வேலி போடுவதெல்லாம் ஏழைக்கு இரங்கி அல்ல. கூடுதலாகக் கொடுக்கக்கூடியவர் தப்பித்துப் போகக்கூடாது என்பதும் அவர்கள் கணக்குதான். ஐரோப்பிய ஒன்றியம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. போலந்து, ஹங்கேரி போன்ற நாடுகளில் மலிவாக வாங்கிய விளையாட்டு மற்ற உறுப்பு நாடுகளில் இயங்காதபடி பூட்டியதற்காக, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கும் ஐந்து விளையாட்டு வெளியீட்டாளர்களுக்கும் 2021 ஜனவரியில் மொத்தம் 78 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. ஒரே சந்தை என்று சொல்லிவிட்டு நடுவில் சுவர் கட்டக்கூடாது என்பது அதன் வாதம். ஆசியானில் அப்படி ஒரு விதி இல்லை. எனவே இங்கே வேலி எங்கே என்று முடிவு செய்வது நிறுவனம் மட்டுமே.

இரு பக்கமும் வாழும் குடும்பங்கள்

ஜொகூரின் சிக்கல் இங்கேதான் தனியாகத் தெரிகிறது. அப்பா சிங்கப்பூரில் வேலை, அம்மாவும் பிள்ளைகளும் ஜொகூரில் என்ற குடும்பங்கள் ஏராளம். அப்பாவின் கைப்பேசிக் கணக்கு சிங்கப்பூரில் பதிவானதாக இருந்தால், பிள்ளை கூலாயில் உட்கார்ந்து வாங்கினாலும் சிங்கப்பூர் விலையே பிடிக்கப்படும். அவர்கள் எந்தக் குறுக்கு வழியிலும் போகவில்லை. தங்களுக்கு உரிய உள்ளூர் விலையைத் தெரியாமலே விட்டுவிடுகிறார்கள். பிள்ளையின் கணக்கு மலேசியாவில் பதிவாகியிருக்கிறதா, கட்டணம் ரிங்கிட்டில் காட்டுகிறதா என்று ஒரு முறை பார்த்தாலே இந்த நட்டம் நிற்கும்.

புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்.டி.எஸ். ரயில், 2026 இறுதிக்குள் சேவையைத் தொடங்கும் இலக்கோடு கட்டப்பட்டது. ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச் செல்லும் திறன் கொண்டது. ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார வட்டார ஒப்பந்தமும் 2025 ஜனவரியில் கையெழுத்தானது. இரு பக்கமும் வாழ்வோர் கூடக் கூட, நீ எந்த நாட்டுப் பயனீட்டாளர் என்ற கேள்வியும் அடிக்கடி எழும்.

பாதி விலை எப்படி வருகிறது?

முறையான முகவர் சில விழுக்காடு தள்ளுபடி தரலாம். பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் அந்த மிச்சப் பணத்தை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்று பொருள். வேறு நாட்டுக் கணக்கில் விதிமீறி வாங்கியதாக இருக்கலாம். திருடப்பட்ட வங்கி அட்டையில் வாங்கியதாக இருக்கலாம். வாங்கிக் கொடுத்துவிட்டு, பின்னர் கடையிடம் பணத்தைத் திரும்பக் கேட்பவர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும் உண்மை தெரியவரும்போது தரகர் போயிருப்பார். பிடிபடுவது டைமண்ட் யார் கணக்கில் இருக்கிறதோ அவர். இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகும் அல்லது கணக்கே முடக்கப்படும். பல ஆண்டு விளையாடிச் சேர்த்ததெல்லாம் போய்விடும். விதிமுறைப்படி டைமண்ட் வாங்கியவரின் சொத்து அல்ல, பயன்படுத்தக் கொடுத்த அனுமதி மட்டுமே. அதனால் நிறுவனத்திடம் வாதாடவும் வழி குறைவு.

பணத்தை வாங்கிக்கொண்டு எதையுமே தராமல் மறைபவர்கள் இன்னொரு வகை. இவர்களிடமிருந்து தப்ப சில எளிய சோதனைகள் உண்டு. மொபைல் லெஜண்ட்ஸ் போன்ற விளையாட்டில் டாப்-அப் செய்யப் பயனர் எண்ணும் சர்வர் எண்ணும் போதும். கடவுச்சொல்லோ ஓ.டி.பி. எண்ணோ கேட்பவர் டைமண்ட் விற்க வரவில்லை, கணக்கைத் திருட வந்திருக்கிறார். தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால், அந்த எண்ணைக் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பார்க்கலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்விடும். மலேசியாவில் பதிவு பெற்ற விற்பனையாளரோடு தகராறு என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்.

இன்னும் ஒன்றைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். டைமண்ட் விற்றுக் காசு பார்க்கலாம் என்று சொல்லி மாணவர்களின் வங்கிக் கணக்கையும் மின்பணப்பையையும் "கொஞ்ச நாளைக்குக் கொடு" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் மோசடிப் பணம் விழுந்தால் காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் கணக்கின் சொந்தக்காரர். ஐம்பது, நூறு ரிங்கிட்டுக்காகப் பிள்ளையின் பெயரில் வழக்கு வந்தால், மேற்படிப்பு, வேலை எல்லாவற்றையும் அது பாதிக்கும்.

விலையைத் தேடி வாங்குவது குற்றமில்லை. மாதம் 1,700 ரிங்கிட் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர் பத்துக் காசு மிச்சம் பார்ப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மலேசிய விலை என்ற ஒன்று இருப்பதே இங்குள்ள சம்பளத்தைக் கணக்கில் எடுத்ததால்தான். அந்த விலை தரகர்களின் சரக்காக மாறினால், அர்ஜென்டினாவில் போல ஒரே அறிவிப்பில் அது எடுக்கப்பட்டுவிடலாம். அப்போது சிங்கப்பூரில் சம்பாதிப்பவருக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. முழு விலையையும் கொடுக்க வேண்டியிருப்பது லாயாங்-லாயாங் தோட்டத்துப் பையனும் பாசிர் கூடாங் அடுக்குமாடிப் பையனும்தான்.