கத்தாத பிழைதான் ஆபத்து

இந்த வார எபிசோடில் வி-லுக்அப் பற்றிப் பேசினோம். நேரம் போதாமல் விட்டுப்போன ஒரு விஷயத்தை இங்கே எழுதிடறேன்.

ஃபார்முலாவை வலப்பக்கம் இழுத்தால் செல் முகவரிகள் தானாக நகரும். ஆனா வி-லுக்அப்பில் மூன்றாவதாகக் கொடுக்கிற நெடுவரிசை எண் வெறும் எண்தான். 2 என்று அடித்தால் எங்கே இழுத்தாலும் 2. பன்னிரண்டு மாதத்துக்கும் ஜனவரி விலையே வரும்!

வழக்கமான வைத்தியம், அந்த இடத்தில் 'காலம்' ஃபங்ஷன் (நேரமில்லைங்க, நெடுவரிசை). இழுக்க இழுக்க 2, 3, 4 என்று மாறும். நானும் லண்டனில் ஒரு கிளையன்ட்டுக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன். கான்ட்ராக்ட் முடிந்து கிளம்பிட்டேன். பிறகு யாரோ மூலப் பட்டியலின் நடுவில் ஒரு நெடுவரிசையைச் செருகியிருக்காங்க. எல்லா விலையும் ஒரு மாதம் தள்ளிப்போச்சு. ஒரு பிழைச் செய்தியும் இல்லை. சப்ளையர் போன் பண்ணித்தான் தெரிந்தது.

அதனால என் கட்சி இதுதான்: தானாக மாறினால் மட்டும் போதாது, தப்பு நடந்தால் கத்தவும் வேண்டும். காலத்துக்குப் பதில் மேட்ச் போடுங்க. அது மூலப் பட்டியலின் தலைப்பு வரிசையில் 'மார்ச்' எங்கே இருக்குன்னு பெயரை வைத்தே தேடும். கடைசியில் 0 கொடுக்க மறக்காதீங்க. தலைப்பு செல்லில் வரிசை எண்ணுக்கு முன்னால் டாலர் குறி, தேடும் பொருளுக்கு நெடுவரிசை எழுத்துக்கு முன்னால், மூலப் பட்டியலுக்கு இரண்டுக்கும். எஃப்4 அழுத்தினால் போதும். தலைப்பை யாராவது மாற்றினால் என்/ஏ என்று கத்தும். கத்தட்டும்! 2019-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த எக்ஸ்-லுக்அப் இருந்தால் நெடுவரிசை எண்ணே தேவையில்லை.

'இதுக்குப் போய் இவ்வளவா?' என்பவர்களுக்கு: 2012-இல் ஜேபி மோர்கனின் லண்டன் பிரிவுக்கு 600 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். 'லண்டன் திமிங்கலம்' கதை. நஷ்டத்துக்கு எக்செல் மட்டும் காரணமில்லை. ஆனா அவர்கள் ரிஸ்க்கைக் கணக்கிட்ட மாடல், கையால் காப்பி-பேஸ்ட் செய்யும் எக்செல் ஷீட்களில் ஓடியதாக வங்கியின் 2013 அறிக்கையே சொல்லுது. ஒரு இடத்தில் சராசரியால் வகுப்பதற்குப் பதில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். ரிஸ்க் குறைவாகத் தெரிந்தது. அந்த ஷீட்டும் கத்தவில்லை.

நாம ஆறு மாதத்தில் கிளம்பிடுவோம். ஷீட் அங்கேயே இருக்கும். கொடுப்பதற்கு முன் மூலப் பட்டியலின் நடுவில் ஒரு காலி நெடுவரிசையைச் செருகிப் பாருங்க. எண்கள் சத்தமில்லாமல் மாறினால், வேலை இன்னும் முடியலைன்னு அர்த்தம்.