ஒரு வயரா, ரெண்டு வயரா?

போன தை மாசம், சம்பா அறுப்பு நேரம். எங்க தாத்தா வரப்பிலேயே மயங்கி விழுந்துட்டார். வயசு 76. ஈசிஜி பார்த்த டாக்டர், "கம்ப்ளீட் ஹார்ட் பிளாக். பேஸ்மேக்கர் வைக்கணும்" என்றார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு வயர் பேஸ்மேக்கர் வைக்கலாம் என்றும் சொன்னார்.

பெரியப்பா ஒத்துக்கவே இல்லை. "இலவசமா கிடைக்கிறது மட்டமாத்தான் இருக்கும். ரெண்டு மா நிலத்தை ஒத்திக்கு விட்டு ரெண்டு வயரே வைப்போம்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தாங்க, இன்ஜினியரிங் படிக்கிறேனாம்! எனக்கும் முதல்ல அவர் சொன்னதுதான் சரின்னு பட்டது. படிச்சுப் பார்த்த பிறகு மனசு மாறினேன்.

துடிப்புக்கான சிக்னல் இதயத்தின் மேல் அறையில் பிறந்து கீழ் அறைக்குப் போகணும். தாத்தாவுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. ஒரு வயர் கருவி கீழ் அறையை மட்டும் தூண்டும். ரெண்டு வயர் கருவி மேல் அறையையும் கவனித்து, அதோடு சேர்ந்து கீழ் அறையைத் தூண்டும். இயற்கைக்கு நெருக்கமானது இரண்டாவதுதான்.

ஆனால் இயற்கைக்கு நெருக்கம் என்பதால் மட்டும் அது அதிகப் பாதுகாப்பு ஆகிவிடாது. இதே மாதிரி அடைப்பு இருந்த, 70 வயது தாண்டிய 2,021 பேரை வைத்து பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2005ல் வந்தது. ஆண்டு இறப்பு விகிதம் ஒரு வயரில் 7.2%, ரெண்டு வயரில் 7.4%. கிட்டத்தட்ட சமம். ஆனால் கருவி பொருத்தும்போது வந்த சிக்கல்கள் 3.5%, 7.8%. ஒரு வயர் கூடினால் நகர்வதற்கும் கழல்வதற்கும் ஓர் இடம் கூடுகிறது. இது நம்ம ரிலையபிலிட்டி பாடம்தானே?

அதுக்காக ஒரு வயரே எல்லாருக்கும் போதும்னு நான் சொல்லல. சிலருக்கு அதில் தலைசுற்றலும் அசதியும் வரும். சிக்னல் பிறக்கும் இடமே பழுதானவர்களுக்கு ரெண்டு வயர் வைத்தால், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் தாறுமாறான துடிப்பு குறைகிறது.

வயரே இல்லாத மைக்ரா கருவி 2016ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வயர் உடையாது, நெஞ்சுத்தோலில் கீறலும் இல்லை. ஆனால் இதயச் சுவரில் துளை விழுந்தால், அதன் விளைவு வயர் கருவியைவிடக் கடுமையாக இருக்கலாம் என்று அமெரிக்க எஃப்டிஏ 2021ல் எச்சரித்தது. புதுசு என்பதால் ஆபத்தே இல்லைன்னு ஆகாது.

என் கருத்து இதுதான்: விலையை வைத்துப் பாதுகாப்பை அளக்காதீங்க. டாக்டரிடம் மூணு கேள்வி கேளுங்க. பழுது எந்த இடத்தில்? இந்த வயசுக்கு, இவர் செய்யும் வேலைக்கு ஏன் இந்த வகை? அடுத்தடுத்த செக்கப் பக்கத்திலேயே நடக்குமா? அதைத் தமிழில் புரியும்படி சொல்ல வேண்டியது டாக்டர்களின் பொறுப்பு. கம்ப்ளீட் பிளாக் இருப்பவருக்குப் பணம் புரட்டும் வரை நாள் தள்ளுவது, வயர் கணக்கைவிடப் பெரிய ஆபத்து.

தாத்தாவுக்கு ஒரு வயர்தான் வைத்தோம். நிலம் நம்மகிட்டயே இருக்கு. தாத்தா மறுபடி வயலுக்குப் போறார். போனைச் சட்டைப் பையில வைக்காதீங்க தாத்தான்னா மட்டும் இன்னும் கேட்க மாட்டேங்கிறார்.