மண்ணுக்கும் விடுதலை வேண்டும்

அந்நிய ஆட்சி ஒழிந்ததும் தேசத்தின் போராட்டம் முடிந்துவிட்டதாக எண்ணுவோர் பலர். கொடி மாறிற்று, சட்டசபை மாறிற்று, இனி வேறென்ன வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்நியன் விட்டுச் சென்ற மண் எந்த நிலையில் கிடக்கிறது என்பதை அவர்கள் நோக்குவதில்லை. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே தேசத்து ஏழைக் கிறிஸ்தவர்கள் அதை நோக்கினார்கள். அவர்கள் செய்த காரியம் நம் ஜனங்கள் அறியத்தக்கது.

அத்தேசத்தில் 1890-ல் வெள்ளையர் குடியேறினர். 1930-ல் இயற்றப்பட்ட நிலப் பங்கீட்டுச் சட்டம், தேசத்து நிலத்தில் ஏறத்தாழச் சரிபாதியைச் சிறு தொகையினரான அவர்களுக்கே ஒதுக்கிற்று. செழிப்பான பூமியின் பெரும்பகுதி அவர்கள் வசமாயிற்று. பன்மடங்கு தொகையினரான சுதேசிகளோ மணற்பாங்கான, மழை குன்றிய பிரதேசங்களில் நெருக்கித் தள்ளப்பட்டார்கள். குறுகிய இடத்தில் பெருங்கூட்டம் வாழ நேர்ந்தால் விளைவு என்ன? விறகுக்கும், வீட்டுக்கும், உழவுக்கும் மரத்தை வெட்டாமல் அவர்கள் என்செய்வர்? காடு அழிந்தது, மண் கரைந்தது, ஆறுகள் தூர்ந்தன. 1980-ல் சுதந்திரம் வந்தபோது குடியானவன் கைக்கு எட்டியது இந்தக் காயப்பட்ட பூமியே.

மஸ்விங்கோ மாகாணத்தில் 1988-ல் குலத்தலைவர்களும், முன்னோர் ஆவிகளின் வாக்கை உரைப்போரும், விடுதலைப் போரில் ஈடுபட்ட வீரரும் கூடி மரம் வளர்க்கும் சங்கமொன்றைக் கண்டனர். 1991-ல் கிறிஸ்தவ சபைகளும் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து அதே பணியில் இறங்கின. இச்சபைகள் வெள்ளைப் பாதிரிமாரின் தலைமையை ஏற்காது ஆப்பிரிக்கரே ஸ்தாபித்தவை. நூற்றுக்கு மேற்பட்ட சபைகள் இதில் சேர்ந்தன. மார்ட்டினஸ் டனீல் என்னும் பண்டிதர் இரு சங்கங்களுக்கும் துணை நின்றார். வழிபாட்டில் வேறுபட்ட இரு சாராரும் மண்ணின் பொருட்டு ஒன்றுபட்டனர் என்பது கவனிக்கத்தக்கது. ஆயுதம் ஏந்திய விடுதலைப் போரை நினைவிற்கொண்டு, இதற்கு ‘மரங்களின் போர்’ என்றே பெயரிட்டார்கள்.

அவர்களுடைய வழிபாட்டு முறையைப் பாருங்கள். மரம் நடும் நாளில் சபையார் கூடி, முதலில் தத்தம் பாவங்களை வெளிப்படையாக அறிக்கையிடுவர். பொய்யும் களவும் மாத்திரமல்ல. பச்சை மரத்தை வெட்டியதும், ஆற்றங்கரையை உழுது மண்ணைக் கரையவிட்டதும் அங்கே பாவங்களாக எண்ணப்படும். பின்னர் கையில் மரக்கன்றை ஏந்திச் சென்று அப்பமும் ரசமும் பெறுவர். பிறகு கன்றோடு பேசி, அதனை மண்ணில் ஊன்றுவர். பூமியைக் கெடுப்பவன் தெய்வத்துக்கும் தன் ஊராருக்கும் குற்றவாளி என்பதே இதன் கருத்து.

மரம் வளர்ப்பது சர்க்காரின் வேலை. இதில் மதத்துக்கு என்ன அலுவல் என்று சிலர் கேட்கக்கூடும். சர்க்காரும் சட்டம் செய்யாமலில்லை. வெள்ளையர் ஆட்சி 1951-ல் நிலப் பாதுகாப்பின் பெயரால் கடுமையான சட்டமொன்றைக் கொணர்ந்து, குடியானவனின் உழவையும் மாடுகளையும் கட்டுப்படுத்திற்று. நிலத்தைப் பறித்தவனே நிலத்தைப் பேணும் முறையைப் போதிக்க வந்தால் யார் செவிசாய்ப்பர்? ஜனங்கள் கொதித்தெழுந்தனர், அச்சட்டமே தேசிய இயக்கத்துக்கு உரமாயிற்று. அதிகாரி அதட்டியபோது மறுத்த அதே குடியானவன், தன் சபையார் முன் தானே எழுந்து நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டான். வெளியாரின் கட்டளைக்கும் சொந்த மனச்சாட்சிக்கும் உள்ள தாரதம்மியம் இதுவே.

நடுவது ஒரு நாள் வேலை. காப்பதோ ஆண்டு முழுவதும் செய்யும் வேலை. அங்கே மழை நவம்பர் முதல் மார்ச் வரையில்தான். மழைக்கு முன்பே விதை சேர்த்து, நாற்றங்காலில் கன்றுகளை வளர்த்தாக வேண்டும். மழையில் நட்டபின், ஆடு மேயாதபடி வேலியிட வேண்டும். நீண்ட வறண்ட மாதங்களில் தண்ணீர் சுமந்து வந்து ஊற்ற வேண்டும். பண்டிகை நாளில் பாடிய வாய் கோடையில் குடம் சுமக்கும் தோளாக மாறினாலன்றி எந்தக் கன்றும் பிழைக்காது. நட்ட லட்சக்கணக்கான கன்றுகளில் வறட்சியால் மடிந்தவை பல, பிழைத்தவையும் பல. எங்கே ஜனங்கள் தினந்தோறும் கவனித்தார்களோ, அங்கேதான் தோப்பு உண்டாயிற்று.

இவ்வியக்கத்தின் குறையையும் மறைப்பது நேர்மையன்று. இதன் செலவுக்கு வெளிநாட்டு நிதி பெரிதும் உதவிற்று. 2000-க்குப் பின் அத்தேசத்தில் நெருக்கடி முற்றி அந்த நிதி வற்றியபோது வேலையும் சுருங்கிற்று. ஜனங்களின் பக்தியில் வேரூன்றிய பணியும் அயலார் பணத்தில் நின்றால் நெடுநாள் நிலைக்காது. சுயதேவைப் பூர்த்தியைப் பற்றி நம் தேசத் தலைவர்கள் ஓயாது எடுத்துரைத்ததன் உண்மை இங்கும் விளங்குகிறது.

நம் தேசத்திலும் 1950-ல் கே. எம். முன்ஷி தொடங்கிய வனமஹோத்ஸவம் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் நடைபெறுகிறது. பிரமுகர் வருகிறார், குழி தயாராயிருக்கிறது, கன்று நடப்படுகிறது, படம் பிடிக்கப்படுகிறது. மறுவாரம் அக்கன்றுக்குத் தண்ணீர் வார்ப்பவன் யார்? கோயிலும், பள்ளிவாசலும், தேவாலயமும் இல்லாத ஊர் நம் நாட்டில் அரிது. ஒவ்வொரு வழிபாட்டுக் கூட்டமும் தன்னால் காக்கக்கூடிய கன்றுகளை மாத்திரம் நட்டு, அடுத்த ஆண்டு அதே நாளில் அவற்றின் கணக்கைச் சபை நடுவே படித்துக்காட்டட்டும். அந்தக் கணக்கைக் கேட்கும் துணிவு ஊர்தோறும் சில தொண்டர்களுக்கு உண்டானால், பெற்ற சுதந்திரம் மண்ணுக்கும் எட்டும்.