உல்லாசக் கப்பலும் உழைப்பவன் கதியும்



2024 செப்டம்பர் 30 அன்று மும்பைத் துறைமுகத்தில் மத்திய சர்க்கார் ஒரு திட்டத்தைத் துவக்கி வைத்தது. "குரூஸ் பாரத் மிஷன்" என்று அதற்குப் பெயர். 2029-க்குள் உல்லாசக் கப்பல் பிரயாணிகளின் தொகையை இரட்டிப்பாக்கப் போகிறார்களாம். அவர்கள் ஏறி இறங்குவதற்குக் கடலோரத்தில் 10 நிலையங்கள் கட்டப் போகிறார்களாம். இதனால் 4 லட்சம் பேருக்கு வேலை கிடைக்குமாம்! முதலாளிகளின் பத்திரிகைகள் இதைக் கண்டு பூரித்துப் போயிருக்கின்றன. வெள்ளை வெளேரென்ற கப்பல் படம், தொப்பி போட்ட சீமான் சீமாட்டிகள் படம், பக்கத்தில் "வேலைவாய்ப்பு" என்று கொட்டை எழுத்து. 2022 ஜூன் 4-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் அப்படியொரு கப்பலைக் கொடியசைத்து அனுப்பி வைத்தார்கள் என்பது நமக்கு நினைவிருக்கிறது.

வேலை வருகிறது என்றால் வேண்டாம் என்று சொல்பவர்களல்ல நாம். மில் வாசலில் பதிலி வேலைக்காக விடியற்காலையிலிருந்து நிற்பவனுக்கும், நடவு முடிந்த பிறகு அறுவடை வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கும் வேலையின் அருமையை யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் எந்த வேலை, எத்தனை மணி நேரம், என்ன கூலி, எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 4 லட்சம் என்று தொகை சொன்னவர்கள் இந்தக் கேள்விகளுக்கு வாய் திறக்கவில்லை. அவர்கள் சொல்லாவிட்டால் போகட்டும். அந்தக் கப்பல்களில் ஒன்றே நமக்குப் பதில் சொல்லியிருக்கிறது. ஜப்பான் தேசத்தில் யோகோஹாமா என்ற துறைமுகப் பட்டினத்தில், 2020 பிப்ரவரியில், உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லியிருக்கிறது.

இரண்டு வாசல்கள்

முதலில் சாதாரண நாளில் நடப்பதைப் பார்ப்போம். காலையில் கப்பல் துறையில் வந்து கட்டுகிறது. வடத்தை இழுத்துக் கட்டி நடைபாலத்தைப் போட்டதும் பிரயாணிகள் இறங்குகிறார்கள். பஸ்கள் வரிசையாகக் காத்து நிற்கின்றன. கோவில், கோட்டை, கடைவீதி என்று சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் திரும்புகிறார்கள். பத்திரிகையில் வருகிற படம் இந்த வாசலின் படம்தான்.

அதே கப்பலில் இன்னொரு வாசல் உண்டு. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, இரும்புக் கதவு போட்ட வாசல் அது. பிரயாணிகள் இறங்கும் அதே நேரத்தில் அதன் வழியே அரிசியும் இறைச்சியும் காய்கறியும் சாராயப் புட்டிகளும் உள்ளே போகின்றன. பழைய கூட்டம் இறங்கிப் புதிய கூட்டம் ஏறுகிற நாளானால் சொல்லவே வேண்டாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட அறைகளைச் சில மணி நேரத்துக்குள் பெருக்கித் துடைத்து, விரிப்பு மாற்றி, கழிப்பறை தேய்த்து, புத்தம் புதிது போல் ஆக்கியாக வேண்டும். இதையெல்லாம் செய்கிறவனுக்கு ஊரைப் பார்க்க நேரமேது? ஒரு மணி நேரம் கிடைத்தால் துறைமுக வாசலுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு கடையோரம் நின்று வீட்டுக்கு டெலிபோனில் பேசுவான், திரும்பி ஓடுவான். அமெரிக்கத் துறைமுகமானால் கப்பல் ஊழியனுக்கென்று தனி விசா வேண்டும். அது இல்லாதவன் காலைக் கீழே வைக்கக் கூடாது. உலகம் சுற்றும் வேலை என்று ஆசை காட்டி நம் பையன்களிடம் விண்ணப்பம் வாங்குகிறார்களே, அவர்கள் சுற்றுகிற உலகம் பெரும்பாலும் சமையற்கட்டிலிருந்து சாப்பாட்டு மண்டபம் வரை உள்ள தூரம்தான்.

யோகோஹாமாவில் நடந்தது

"டயமண்ட் பிரின்சஸ்" என்பது கப்பலின் பெயர். 290 மீட்டர் நீளம். 2020 ஜனவரி 20-ல் யோகோஹாமாவிலிருந்து புறப்பட்டு ஹாங்காங், வியட்நாம், தைவான் என்று சுற்றியது. ஹாங்காங்கில் ஜனவரி 25 அன்று இறங்கிய ஒரு பிரயாணிக்குக் கொரோனா நோய் இருப்பது பிப்ரவரி 1-ல் உறுதியாயிற்று. கப்பல் பிப்ரவரி 3 இரவு யோகோஹாமாவுக்குத் திரும்பியது. யாரும் இறங்கக் கூடாது என்று ஜப்பானிய சர்க்கார் உத்தரவு போட்டது. அப்போது கப்பலில் 2,666 பிரயாணிகளும் 1,045 ஊழியர்களும் இருந்தார்கள்.

பிப்ரவரி 5-ல் 14 நாள் தனிமைப்படுத்தல் துவங்கியது. பிரயாணிகள் எல்லோரும் அவரவர் அறையை விட்டு வெளியே வரக் கூடாது. நோய் பரவாமல் தடுக்க வேறு வழியில்லை, சரி. ஆனால் அறைக்குள் அடைந்த 2,666 பேருக்குச் சோறு யார் கொடுப்பது? தட்டை யார் கழுவுவது? துண்டும் விரிப்பும் யார் எடுத்துத் துவைப்பது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. நோய்க்குத் தனிமை என்ற அந்த வைத்திய விதி பிரயாணியோடு நின்றுவிட்டது. ஊழியனுக்கு விதி வேறு! அவன் தாழ்வாரம் தாழ்வாரமாகத் தட்டேந்திக் கதவு கதவாய்த் தட்ட வேண்டும். இரவில் கீழ்த்தளத்தில், அடுக்குப் படுக்கை போட்ட அறையில், இன்னொருவனோடு சேர்ந்து படுக்க வேண்டும். சாப்பாடு எல்லோரும் கூடுகிற பொது மெஸ்ஸில்.

விளைவு என்ன? ஊழியர்களில் முதலில் நோய் கண்டது உணவுப் பகுதியில் வேலை செய்த ஒருவருக்கு. பிப்ரவரி 9-க்குள் 20 ஊழியர்களுக்கு நோய் உறுதியாயிற்று. அவர்களில் 15 பேர் உணவுப் பகுதித் தொழிலாளர்கள். 16 பேர் ஒரே தளத்தில், அதாவது உணவுப் பகுதி ஊழியர்கள் குடியிருந்த மூன்றாம் தளத்தில் படுத்தவர்கள். ஜப்பானிய வைத்திய அதிகாரிகளே ஆராய்ந்து வெளியிட்ட கணக்கு இது. கடைசியில் கப்பலில் மொத்தம் 712 பேருக்கு நோய் கண்டது.

"நோய் யார் செய்த குற்றம்? அது ஏழை பணக்காரன் பார்க்குமா?" என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். நோய் பார்க்காது என்பது உண்மையே. பிரயாணிகளிலும் பலர் முதியவர்கள். அவர்களிலும் உயிர் இழந்தவர்கள் உண்டு. அவர்கள் துயரத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் யார் கதவுக்கு உள்ளே, யார் கதவுக்கு வெளியே என்று பிரித்தது நோயா? அந்தப் பிரிவினை பிரயாணம் துவங்கும் முன்பே டிக்கெட்டிலும் வேலை ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டிருந்தது. நோய் அந்தக் கோட்டின் மேலேயே நடந்து போயிற்று. அவ்வளவுதான்.

நமக்கு இது ஒன்றும் புதிய கதையல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணி பிடித்துக்கொண்டு போன நம்முடைய பாட்டன் பாட்டிகளை மண்டபம் முகாமில் நாட்கணக்கில் அடைத்துவைத்த பிறகுதானே கப்பலேற்றினார்கள்? முதல் வகுப்பு டிக்கெட் வாங்கியவனுக்கு அந்த முகாம்வாசம் கிடையாது.

இறங்கிய வரிசையையும் பாருங்கள். பிப்ரவரி 17-ல் அமெரிக்க சர்க்கார் தனி விமானங்கள் அனுப்பித் தன் பிரஜைகள் 300-க்கு மேற்பட்டவர்களை அழைத்துச் சென்றது. 19-ம் தேதி முதல் மற்றப் பிரயாணிகள் இறங்கலானார்கள். கம்பெனி அவர்களுக்குக் கட்டணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தது. மறுமுறை பிரயாணத்துக்குச் சலுகையும் கொடுத்தது. ஊழியர்களில் சரிபாதியளவு பிலிப்பைன்ஸ் தேசத்தார். 132 பேர் இந்தியர். எங்களை இறக்குங்கள், பரிசோதனை செய்யுங்கள் என்று இந்தியச் சமையல் தொழிலாளர்கள் வீடியோப் படம் எடுத்து இந்திய சர்க்காருக்கு முறையிட்டார்கள். பிப்ரவரி 27-ல்தான் இந்திய விமானம் 119 பேரை டெல்லிக்குக் கொண்டு வந்தது. கடைசி ஊழியர்கள் கப்பலை விட்டு இறங்கியபோது மார்ச் 1. காப்டன் எல்லோருக்கும் கடைசியாக இறங்கினார் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. அவர் தன் கடமையைச் செய்தார். அதில் நமக்குக் குறையில்லை. அவருக்கு முன்னால் கடைசிவரை நின்று சோறு போட்டவர்களைப் பற்றி எத்தனை வரி எழுதினார்கள்?

எண்பதினாயிரம் பேர்

ஒரு கப்பலில் நடந்த தவறு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அடுத்த மாதமே கப்பல் பிரயாணம் எங்கும் நின்றது. பிரயாணிகளை எப்படியோ கரை சேர்த்தார்கள். ஊழியர்கள்? 2020 ஏப்ரலில் அமெரிக்கக் கரையோரம் மட்டும் சுமார் 100 கப்பல்களில் 80,000 ஊழியர்கள் இறங்க முடியாமல் கிடந்தார்கள் என்று அமெரிக்க சர்க்காரின் சுகாதார இலாகாவே எழுதியிருக்கிறது. அந்த இலாகா ஒரு நிபந்தனை போட்டது: ஊழியர்களைப் பொது விமானத்தில் அனுப்பக் கூடாது, தனி விமானம், தனி வண்டி ஏற்பாடு செய்து, அப்படிச் செய்வதாகக் கம்பெனி அதிகாரிகள் கையெழுத்துப் போட்டால் இறக்கலாம். கையெழுத்து வர வாரக்கணக்கில் தாமதமாயிற்று. ஏன்? செலவு! 2019-ம் வருஷத்தில் சுமார் 300 கோடி டாலர் லாபம் கண்ட கார்னிவல் கம்பெனியும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறது. டயமண்ட் பிரின்சஸ் அதன் குடும்பத்துக் கப்பலே.

நம் கரையிலும் நடந்தது. மும்பைக்கு வெளியே கடலில் ஒரு கப்பலில் காத்திருந்த சுமார் 145 இந்திய ஊழியர்கள் ஏப்ரல் 23-ல்தான் சொந்த நாட்டு மண்ணில் கால் வைத்தார்கள். அதற்கு உள்துறை இலாகா தனியாக விதிமுறை எழுத வேண்டியிருந்தது. பிறந்த ஊரின் விளக்கு தெரிகிறது, இறங்க வழியில்லை. பிற்பாடு மணிலா விரிகுடாவில் பல கப்பல்கள் வரிசையாக நங்கூரமிட்டு நின்றன. பிலிப்பைன்ஸ் ஊழியர்கள் தங்கள் நாட்டுக் கரையைப் பார்த்துக்கொண்டே பரிசோதனை முடிவுக்காகக் கிடந்தார்கள்.

இத்தனைக்கும் யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் கிடைக்காது. டயமண்ட் பிரின்சஸைக் கட்டியது ஜப்பானில், நாகசாகியில். மேலே பறந்தது பிரிட்டிஷ் கொடி. கம்பெனி அமெரிக்காவில். தாய்க் கம்பெனியான கார்னிவலின் பதிவு அப்போது பனாமாவில்! இன்னொரு பெரிய கம்பெனிக்கு லைபீரியாவில் பதிவு, மற்றொன்றுக்கு பெர்முடாவில். வரி கேட்கும்போது "நாங்கள் வெளிநாடு" என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், 2020 மார்ச்சில் அமெரிக்க சர்க்கார் கம்பெனிகளுக்கு உதவிப் பணம் ஒதுக்கியபோது, அமெரிக்காவில் பதிவான கம்பெனிக்கே கடன் என்று சட்டத்தில் எழுதிவிட்டார்கள். கொடியை மாற்றியவனுக்கு அன்று ஒருநாள் கொடியே குறுக்கே நின்றது. இருந்தாலும் நஷ்டத்தை அவன் தலையில் சுமந்தானா? கப்பலில் கிடந்தவன்தான் சுமந்தான். ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று பலருக்குச் சம்பளத்தையும் நிறுத்தினார்கள்.

91 மணி நேரம்

சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 2006-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் ஒன்றை நிறைவேற்றியது. 2013-ல் அமலுக்கு வந்தது. இந்தியா 2015-ல் கையெழுத்திட்டது. கரையிறங்கும் உரிமை அதில் எழுதப்பட்டிருக்கிறது. வேலைக்குச் சேர்த்துவிட ஊழியனிடம் தரகு வாங்கக் கூடாது என்றும் இருக்கிறது. இவை போராடிப் பெற்ற பலன்கள்; குறைத்துச் சொல்ல மாட்டோம்.

ஆனால் வேலை நேரத்தைப் பாருங்கள். இரண்டு கணக்கில் ஒன்றைக் கொடிநாடு தேர்ந்துகொள்ளலாம். ஒன்று, 7 நாளில் 72 மணிக்கு மேல் வேலை கூடாது என்பது. மற்றது, 7 நாளில் குறைந்தது 77 மணி ஓய்வு என்பது. கேட்க நன்றாயிருக்கிறது. வாரத்துக்கு 168 மணி. 77-ஐக் கழியுங்கள். மீதி 91! ஒரு வாரத்தில் 91 மணி நேரம் சட்டப்படியே வேலை வாங்கலாம். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் மில் தொழிலாளிக்கு விதித்தது வாரத்துக்கு 48 மணி. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு மசோதா வந்தபோது தொழிற்சங்கங்கள் எல்லாம் கொதித்து எழுந்தன; மே தினத்தன்று அதை வாபஸ் வாங்கினார்கள். கப்பலில் இருப்பவன் எந்த வாசலில் கூட்டம் போடுவான்? சங்கு ஊதியதும் வீட்டுக்குப் போக அவனுக்கு வீடு எங்கே? மேஸ்திரியும் முதலாளியும் போலீஸும் சாப்பாடும் படுக்கையும் ஒரே கூரைக்குக் கீழே.

கூலி விஷயமும் அப்படியே. தேர்ந்த மாலுமிக்கு 2025-ல் சர்வதேசக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 673 டாலர். பரிமாறுகிறவனும் அறை கூட்டுகிறவனும் பெரும்பாலும் பிரயாணி தருகிற 'டிப்ஸை' நம்பி இருக்கிறார்கள். ஒவ்வொரு பிரயாணியிடமும் நாளொன்றுக்கு 15 டாலருக்கு மேல் இதற்கென்று கம்பெனிகளே வசூல் செய்கின்றன. கூலி கொடுக்க வேண்டியவன் முதலாளி, கொடுப்பவன் விருந்தாளி!

"இஷ்டப்பட்டுத்தானே போகிறான், யார் கட்டாயப்படுத்தினார்கள்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கல்யாணத்துக்கு 200 ரூபாய் முன்பணம் வாங்கிய பண்ணையாளைப் பற்றி மிராசுதாரும் இதையேதான் சொன்னார். கேட்டரிங் படிப்புக்குக் கடன் வாங்கி, ஏஜெண்டுக்குக் கொடுக்க நகையை அடகு வைத்த வீட்டுப் பையனுக்கு இஷ்டம் என்பதற்கு அர்த்தம் என்ன?

ஆகவே 4 லட்சம் வேலை என்று முழங்குகிற சர்க்காரை நாம் கேட்கிறோம். நீங்கள் கட்டப் போகும் 10 நிலையங்களில் வந்து கட்டும் கப்பல்களில் எத்தனை இந்தியக் கொடியோடு வரும்? அவற்றில் வேலை செய்பவனுக்கு வாரத்துக்கு 48 மணியா, 91 மணியா? டிப்ஸ் நீங்கலாக மாதச் சம்பளம் எவ்வளவு? ஏஜெண்டு தரகு வாங்கினால் எந்த ஆபீஸில் புகார் கொடுப்பது? நாளைக்கு இன்னொரு நோய் வந்து கப்பல் நின்றால் ஊழியனை எத்தனை நாளுக்குள் இறக்குவீர்கள். அதுவரை சம்பளம் யார் கொடுப்பது? பிரயாணிகள் இறங்க நடைபாலத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஊழியன் உட்கார்ந்து வீட்டுக்குக் கடிதம் எழுத, டெலிபோன் பேச, துறைமுக வாசலுக்குள் ஒரு அறை கட்ட எத்தனை ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள்?

கப்பல் இலாகா இதற்குப் பதில் எழுதட்டும். வந்தால் ஒரு எழுத்துக் குறையாமல் இதே பக்கத்தில் அச்சிடுகிறோம்.