உப்புக் காற்றும் ஒரு பழைய காரும்

பழைய கார் வாங்குகிறவர்களைப் பற்றி உலகத்தில் ஓர் அபிப்பிராயம் உண்டு. ஒன்று, அவர்களிடம் பணம் மிகுதியாக இருக்க வேண்டும். அல்லது புத்தி குறைவாக இருக்க வேண்டும். எர்ணாவூரில் எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவர், ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து கொல்லையில் நிறுத்தினார். அவரிடம் பணம் மிகுதி இல்லை என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். ஆகையால் எல்லோரும் இரண்டாவது முடிவுக்கே வந்தார்கள். அடியேனும் அப்படித்தான் நினைத்தேன் என்பதை ஒளிப்பானேன்?

காரின் குலம் கோத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் என்ற பெயரில் ஹெரால்டு வெளிவந்தது. அதன் உருவத்தை அமைத்தவர் மிக்கெலோத்தி என்னும் இத்தாலியர். 1962-ல் அதே காரின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, ‘ஸ்பிட்ஃபயர்’ என்ற இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். நம் சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில், 1961 முதல் ஹெரால்டு தயாராயிற்று. ஆகவே நம் ஊர் ஹெரால்டு அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு உடன்பிறந்தான் முறை. சீமை ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். பாட்டியையும் பேரனையும் பின் ஆசனத்தில் ஏற்றியாக வேண்டிய நம்மவர்களோ, பிற்பாடு நான்கு கதவுகள் வைத்துச் செய்தார்கள். பெரியவர் வாலிபத்தில் சோழவரத்து விமானத் தளத்தில் நடந்த மோட்டார் பந்தயங்களைப் பார்த்தவர். அங்கே ஹெரால்டுகள் ஓடிய ஓட்டம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. “உன் கல்யாணத்துக்கு ஹெரால்டில் அழைத்துப் போவேன்” என்று பேத்திக்கு வாக்கும் கொடுத்திருந்தார். வைகாசியில் கல்யாணம், கார் வந்து சேர்ந்தது தையில்.

வீட்டிலேயே செப்பனிட இதைவிட இசைவான கார் கிடைப்பது அரிது. இக்காலத்துக் கார்களில் உடலும் சட்டமும் ஒன்றே. ஹெரால்டிலோ சட்டம் தனி. அதன்மேல் உடலைப் பகுதி பகுதியாகத் திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறார்கள். பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். முன் சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் வேலை செய்யலாம். கிடைக்காத சாமான்களைப் புதுப்பேட்டையில் தேடினார். அங்கும் கிடைக்காதவற்றைத் தாமே கடைந்துகொண்டார். எண்ணூரில் லாரித் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அல்லவா? மாசி முடிவதற்குள் எஞ்சின் உறுமத் தொடங்கிவிட்டது.

ஆனால் எஞ்சின் எதிரியல்ல, துருதான் எதிரி. எர்ணாவூரில் கிழக்கே கடல். துருப்பிடித்தல் என்பது உண்மையில் ஒரு சிறிய மின்சாரக் காரியம். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. உப்பு நீரில் மின்சாரம் எளிதில் ஓடுகிறது. எனவே கடலோரத்து இரும்பு விரைவில் நோயாளியாகிறது. மேலும், துருவானது தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். பெயிண்டுக்கு அடியில் புகுந்தால் பெயிண்டையே தூக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அடியேனுக்குக் கிடைத்த உத்தியோகம், உப்பு செய்த வினையை உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது.

சித்திரை பிறந்தது. தேய்க்கத் தேய்க்க, முன்பு யாரோ துளைகளில் செய்தித்தாளைத் திணித்து, பட்டி பூசி, அழகாகப் பெயிண்ட் அடித்திருந்தது வெளிப்பட்டது. உடலைத் தாங்கும் பொருட்டுச் சட்டத்திலிருந்து கை நீட்டினாற்போல நிற்கும் இரும்புகளில், இடது பக்கத்தவை இரண்டும் அரித்துப் போயிருந்தன. டிங்கர் வேலைக்காரர் பார்த்துவிட்டு, “மறுபடியும் பட்டி வைத்துவிடலாம், நாலு நாளில் பளபளவென்று ஆகிவிடும். வெட்டி வெல்டிங் வைப்பதென்றால் கல்யாணத்துக்குள் முடியாது” என்றார்.

பேத்தியின் ஆசை முகம் அடியேன் கண்முன் நின்றது. “கோயிலிலிருந்து வீடு வரைக்குந்தானே, ஐயா? இப்போதைக்குப் பூசிவிடலாமே” என்றேன்.

பெரியவர் பேசவில்லை. ஒரு திருப்புளியை எடுத்து அந்த இரும்பின்மேல் வைத்து மெல்ல அழுத்தினார். அது அப்பளத்தில் இறங்குவதுபோல் உள்ளே இறங்கியது.

“இதன்மேல் புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைக்கச் சொல்கிறீர்களா, வாத்தியாரே?” என்றார்.

பிறகு பேத்தியை அழைத்து, தம் வாக்கு தவறப்போவதைத் தாமே சொன்னார். அவள் அழுதாள். கல்யாணத்தன்று வாடகைக் கார் வந்தது. ஊர் சிரித்தது. அவர் மட்டும் கொல்லையில் அழுகிய இரும்பை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, நல்ல தண்ணீரால் கழுவி, உலர்த்தி, பிரைமர் பூசி, கண்ணுக்குத் தெரியாத உட்புறங்களுக்கும் எண்ணெய் செலுத்திக்கொண்டிருந்தார்.

நம் வட சென்னையின் பெருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் கார்களை எண்ணூரில்தான் பூட்டி எடுத்தது. பின்பு 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955-ல் உருவான என்ஃபீல்டு கம்பெனியின் புல்லட் திருவொற்றியூரில் பிறந்தது. சுதேசித் தொழில் என்று நாம் மார் தட்டுவதற்கு இவையெல்லாம் தக்க காரணங்களே. ஆயினும் அந்தப் பெருமை கட்டடங்களில் இல்லை. ‘வெளியே தெரியாத இடத்திலும் சரியாகச் செய்வேன்’ என்று கைக்கு ஏற்பட்ட பழக்கத்தில் இருக்கிறது. தேசத்தின் குறைகளுக்கும் நாம் அடிக்கடி பட்டிதான் பூசுகிறோம். திருப்புளி வைத்துப் பார்க்கிறவனைத் தேசத் துரோகி என்றும் சொல்லிவிடுகிறோம். பரீட்சைத் தாளில் பிழையைச் சுழிக்காமல் மார்க்குப் போட்ட நாட்கள் அடியேனுக்கும் உண்டு. அன்று கொல்லையில் அவை நினைவுக்கு வந்தன.

கடலோரத்தில் வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்குப் பெரியவர் சொல்லும் யோசனை இரண்டு. வண்டியின் அடிப்புறத்தை அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கதவுகளின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அவை குப்பையால் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதத்தில் பேத்தி பிறந்தகம் வந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, பதிவுக் காகிதங்களெல்லாம் சரியான பின், பெரியவர் ஹெரால்டை வாசலுக்குக் கொண்டுவந்து அவளை முன் ஆசனத்தில் உட்கார வைத்தார். திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் புறப்பட்டோம். பின் ஆசனத்தில் அடியேனுக்கும் ஓர் இடம் கிடைத்தது. இடது பக்கந்தான், பயமில்லாமல் உட்கார்ந்தேன்.